முழுத் தொகுதியும் முழு உறையும்

பயன் தீர்ந்த பொருளை எறிந்துவிடாது வைத்துப் பேணுவது மனித இயல்புகளுள் விசித்திரமான ஒன்றாகும். கடிதம் உரியவர் கையிற் சேர்ந்த கணத்தோடு அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் தபால் முத்திரையின் கடமை முடிந்துவிடுகின்றது. அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய கூலி செலுத்தப்பட்டது என்பதற்கு அது சான்று. அச்சான்றின்மீது மையடித்து, இனி இது செல்லாது என்று தபாற்கந்தோரே தீர்ப்புக் கூறியும் விடுகின்றது. அவ்வாறு செல்லாதாக்கப்பட்ட ஒரு சிறு தாளுக்காக ஒருவர் இரவு விழித்திருப்பதும், உடன்பிறந்தார் இருவர் மாதக்கணக்கிற் பேசாதிருப்பதும், பின்னொருநாள் அதைக் கையில் வாங்கிய பெண்ணொருத்தி வாய்விட்டு அழுவதும் உலகியலில் நிகழ்வனவே. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு வீட்டில் இவை மூன்றும் நிகழ்ந்தன.

சேகரிப்போரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'எதைச் சேர்க்கிறார்?' என்ற வினாவோடு நின்றுவிடுவர். ஆயின், 'எவ்வாறு சேர்க்கிறார்?' என்ற வினாவே ஆழமானது. ஒரே பொருளைச் சேர்க்கும் இருவர் ஒரே காரியத்தைச் செய்வதாகக் கொள்ள முடியாது. ஒருவர் தொகுதியை நிறைவு செய்ய விழைகிறார். இன்னொருவர் பழுதற்றதையே நாடுகிறார். வேறொருவர் பிழைபட்டதைத் தேடுகிறார். பிறிதொருவர் அப்பொருள் கடந்துவந்த வழியைத் தேடுகிறார். பொருள் ஒன்றாயினும் நோக்கு வேறு. நோக்கு வேறாகவே, எஞ்சுவதும் அழிவதும் வேறாகின்றன.

இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொள்ள ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்து நோக்கலாம். அங்கு பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள் 1880களிலேயே சிகரெட் பெட்டிகளுள் வைத்து வழங்கப்பட்டன. பெட்டிக்கு விறைப்புக் கொடுத்தல், வாங்குவோரைக் கவர்தல் என்பனவே அவற்றின் நோக்கம். 1909க்கும் 1911க்கும் இடையில் வெளிவந்த தொகுதியொன்றில் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை சொற்ப அளவிலேயே வெளிவந்து நிறுத்தப்பட்டது. தொகுதியை முழுமையாக்க முயல்வோருக்கு அது எட்டாக்கனியாயிற்று. 1952ஆம் ஆண்டு டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மான்ரிலின் அட்டையொன்று 2022இல் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போயிற்று. அதே அட்டையின் வேறு பிரதிகள் பல உள. இப்பிரதிக்கு அவ்விலை கிடைத்ததற்குக் காரணம் அதன் முனை மழுங்காமையும் நிறம் மங்காமையுமே. அட்டைகளின் நிலையை ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டு, பிளாஸ்திக் உறையுள் அடைத்து முத்திரையிடுவதற்கென்றே 1991இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஜெபர்சன் பேர்டிக் என்பவர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சட்டைகளையும் துண்டுத்தாள்களையும் சேர்த்து, வகைப்படுத்தி, நியூயோர்க் மெற்றொபொலிற்றன் கலைக்கூடத்துக்கு அளித்தார். நோயுற்ற உடலோடு அங்கு சென்று தம் கையாலேயே அவற்றை ஏடுகளில் ஒட்டி, அப்பணி முடிந்த 1963ஆம் ஆண்டிலேயே மறைந்தார். விலை அவருடைய கருத்தில் இருக்கவில்லை. சாதாரண மக்கள் கையாண்ட தாள்கள் ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதே அவர் கருத்து.

நம் நாட்டிற் சிறுவரின் கைக்கு எட்டிய தாள் அட்டையன்று, முத்திரையே. இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி வெளிவந்தது. விக்ரோறியா இராணியின் தலை பொறித்த ஆறு பென்ஸ் முத்திரை அது. இலண்டனில் பெர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனத்தார் அச்சிட்டது. 1859இல் வந்த நான்கு பென்ஸ் முத்திரை, மங்கிய ரோசா நிறத்தது, விளிம்பில் துளையில்லாதது, இன்றும் இலங்கை முத்திரைகளுள் அரியதாகப் போற்றப்படுகின்றது. 1872இல் ரூபாவும் சதமும் வழக்கிற்கு வந்தபோது முத்திரைகளும் சதக் கணக்கிற்கு மாறின. ஆயினும் நெடுங்காலம் அரசரின் தலையே அவற்றின் முகத்தை நிறைத்திருந்தது. நாட்டின் காட்சிகள் அதில் விரிவாக இடம்பெறலானது 1935இலும் 1936இலும் வந்த படத் தொகுதியோடுதான்.

பதினொரு பெறுமதிகளைக் கொண்ட அத்தொகுதியில் இறப்பர்ப் பால் எடுத்தல் 2 சதத்திலும், சிவனொளிபாத மலை 3 சதத்திலும், கொழும்புத் துறைமுகம் 6 சதத்திலும், தேயிலைக் கொழுந்து பறித்தல் 9 சதத்திலும், காட்டு யானைகள் 50 சதத்திலும் காட்சியளித்தன. தொகுதியின் உச்சப் பெறுமதியான ஒரு ரூபா முத்திரையில் இடம்பெற்றது திருகோணமலையாகும். 1938இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு புதிய தொகுதி வெளிவந்தபோதும் ஒரு ரூபாவின் இடம் திருகோணமலைக்கே இருந்தது. சாதாரண கடிதமொன்றுக்குச் சில சதங்களே போதுமாயிருந்த அக்காலத்தில் ஒரு ரூபா முத்திரை பெரும்பாலும் பொதிகளிலும் வானஞ்சலிலுமே ஒட்டப்பட்டது. ஆதலின், தங்கள் ஊரின் படத்தைத் திருகோணமலைச் சிறுவர் தங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களிற் கண்டது மிக அரிது. ஊரின் உருவம் ஊருக்கு வெளியே பயணம் செய்தது. ஊருக்குள் வந்தது அரசரின் தலையும் இறப்பர் மரமுமே.

உட்துறைமுக வீதிப் பக்கத்தில் வாழ்ந்த குடும்பமொன்றின் மூத்த மகன் 1943இல் கடற்படைத் துறைமுகத் தளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்தபின் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படை ஊன்றி நிற்கவேண்டிய இடங்களுள் திருகோணமலை முதன்மை பெற்றிருந்த காலம் அது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின; துறைமுகத்தைவிட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்நினைவு ஆறாத ஊரில், அலுவலகக் குப்பைக் கூடையிலிருந்து முத்திரைகளைப் பொறுக்கத் தொடங்கிய பதினெட்டு வயது இளைஞர், பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கு அப்பழக்கத்தைக் கைவிடவில்லை.

மூத்தவரின் முறை தொகுதி முறை. அச்சிட்ட சதுரங்களைக் கொண்ட அல்பம் ஒன்றை அவர் வைத்திருந்தார். ஒவ்வொரு சதுரமும் ஒரு முத்திரைக்கு உரியது. எது நிரம்பியது, எது வெறுமையாயுள்ளது என்பதைப் பக்கத்தைத் திறந்ததுமே கண்டுகொள்ளலாம். உறைகளிலிருந்து முத்திரைகளைச் சுற்றுத்தாளோடு வெட்டி எடுப்பார். பீங்கான் தட்டொன்றிற் குளிர்ந்த நீரூற்றி, அச்சு மேல்நோக்கியிருக்கும்படி மிதக்கவிடுவார். பசை இளகித் தாள் தானே பிரியும்வரை காத்திருப்பார். இழுத்தால் முதுகு மெலிந்துவிடும் என்பதை அறிவார். பின்பு சாமணத்தால் எடுத்து, மையொற்றுத் தாளிற் கவிழ்த்து உலரவைத்து, தடித்த பேரேட்டினுள் அழுத்திவைப்பார். உலர்ந்ததை மெல்லிய ஒட்டுத்தாளால் உரிய சதுரத்தில் நிறுத்துவார். சதுரமொன்று நிரம்பிய இரவில் அவர் முகத்திற் காணப்பட்ட நிறைவை வீட்டார் வேறெந்தச் சந்தர்ப்பத்திலும் கண்டதில்லை என்பர்.

இம்முறையை எளிதாக எள்ளிவிடுதல் கூடாது. ஒழுங்கற்ற உலகில் ஓரிடத்திலாயினும் ஒழுங்கினை நிறுவுவது சிறிய காரியமன்று. தொகுதிக்கு எல்லையுண்டு, எல்லையுண்டாகையால் முயற்சிக்கு முடிவுண்டு. விலைப்பட்டியலை இரவல் பெற்றுப் படித்து, எம்மன்னர் காலத்தில் எப்பெறுமதி எந்நிறத்தில் வெளிவந்தது என்பதை அவர் மனப்பாடமாகக் கூறுவார். பள்ளிக்கூடத்தைப் பதினாறு வயதில் விட்ட ஒருவர் உலகப் படத்தையும் அரசுகளின் தோற்ற மறைவையும் முத்திரைகளின் வழியே கற்றுக்கொண்டார். 

அவரோடு பணிபுரிந்த பறங்கியர் ஒருவரின் முறை வேறு. அவர் நாடுகளைத் தேடவில்லை; ஒரே முத்திரையின் வேறுபாடுகளைத் தேடினார். 1938இல் தொடங்கிய தொகுதியின் 2 சத முத்திரை 1949 வரையிலான காலத்தில் விளிம்புத் துளையளவு மாறி மாறிப் பலமுறை வெளிவந்தது. கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் அவற்றைத் துளையளவுகோலில் வைத்து வேறுபடுத்துவதிலும், கருந்தட்டிற் பென்சீன் துளியிட்டுத் தாளினுள் மறைந்திருக்கும் நீர்க்குறியைக் காண்பதிலும் அவர் விடுமுறை நாள்களைக் கழித்தார். மூத்தவருக்கு ஒரு சதுரம் நிரம்பினால் அலுவல் தீர்ந்தது. பறங்கியருக்கோ அங்கேதான் தொடங்கியது. 1960களில் அவர் அவுஸ்திரேலியா சென்றபோது அவருடைய சேர்க்கை முழுவதும் ஒரு சுருட்டுப் பெட்டியுள் அடங்கிற்றாம். 

இளையவர் மூத்தவரினும் ஆறு ஆண்டு இளையர், பின்னாளில் ஆசிரியரானவர். அவருடைய முறையை முறையென்றே அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் முத்திரையைத் தனித்து எடுப்பதில்லை; உறையை முழுதாகவே வைத்திருந்தார். முத்திரை, அதன்மேல் விழுந்த நாள்முத்திரை, வந்து சேர்ந்த கந்தோரின் அடையாளம், தணிக்கையாளர் இட்ட குறி, முகவரி எழுதிய கை, 'இவ்விலாசத்தில் இல்லை' என்று தபாற்காரர் கிறுக்கிய வரி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு பொருள் என்பது அவர் கொள்கை. பின்னாளில் இது தபால் வரலாறு என்ற பெயரில் உலகெங்கும் மதிக்கப்படும் துறையாயிற்று. அன்றோ வீட்டிலிருந்தோர் அதனைக் குப்பை சேர்த்தல் என்றே அழைத்தனர்.

இருவருக்குமிடையில் நிகழ்ந்த பெரும் பிணக்கு 1946இன் தொடக்கத்தைச் சேர்ந்தது. அயல்வீட்டுத் தாயொருத்தியின் மகன் மலாயாவில் வேலைபார்த்தான். யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின் அங்கிருந்து கடிதமெதுவும் வரவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவன் உயிரோடிருக்கிறானா என்பதே தெரியாதிருந்தது. யுத்தம் முடிந்து பிரித்தானிய இராணுவ நிருவாகம் ஏற்பட்டபின், பழைய மலாயா முத்திரைகளின்மேல் அந்நிருவாகத்தின் மூவெழுத்துகள் கருமையில் மேலச்சிடப்பட்டு வழக்கிற்கு வந்தன. அத்தகைய முத்திரையோடு ஒரு நாள் கடிதம் வந்தது. தாய் கடிதத்தை எடுத்துக்கொண்டு, உறையை, 'தம்பிக்கு உதவும்' என்று மூத்தவரிடம் கொடுத்தாள். மூத்தவரின் அல்பத்தில் மலாயாப் பக்கத்திலே அதற்குரிய சதுரம் வெறுமையாயிருந்தது. அவர் தட்டில் நீரூற்றிவிட்டார்.

பதினைந்து வயதினராயிருந்த இளையவர் தட்டைப் பறித்தார். "அண்ணை, ஊரைக் கழுவி ஊத்திப்போட்டு ராசாவின்ர தலையை மட்டும் ஒட்டி வைச்சிருக்கிறீங்கள்" என்றாராம். மூத்தவரும் விடவில்லை. "தம்பி, நீ சேர்க்கிறது குப்பை. குப்பைக்கு முடிவு இல்லை. என்ர புத்தகத்துக்கு ஒரு முடிவு இருக்கு" என்றார். மூன்று மாதம் பேச்சில்லை. முடிவில் இளையவர் தம்மிடமிருந்த தனி முத்திரைகள் அனைத்தையும் அண்ணனிடம் கொடுத்து அவ்வுறையைப் பெற்றுக்கொண்டார். அதே மலாயா முத்திரையை மூத்தவர் பின்னர் கொழும்பிற் சில சதங்களுக்கு வாங்கிச் சதுரத்தை நிரப்பினார்.

இப்பிணக்கினுள் சேகரிப்பின் அடிப்படை வினாவே அடங்கியுள்ளது. அம்முத்திரை ஆயிரக்கணக்கில் அச்சானது. ஒன்று போனால் இன்னொன்று அதனிடத்தை நிரப்பும். தொகுதி முறையின் வலிமையும் இதுவே, எல்லையும் இதுவே. அங்கு ஒவ்வொரு பிரதியும் தன் இனத்துக்குப் பிரதிநிதி. தன்னளவில் அதற்கு வாழ்க்கையில்லை. உறையோ தன் இனத்துக்குப் பிரதிநிதியன்று. குறித்த ஒருவன் குறித்த ஒரு நாளில் குறித்த ஒரு வீட்டுக்கு 'நான் இருக்கிறேன்' என்று அனுப்பிய செய்தியின் உடல் அது. அதனிடத்தை வேறொன்று நிரப்பாது.

ஆயினும் இளையவரின் பக்கமே முற்றிலும் நியாயமுடையது என்று தீர்த்துவிடுவதற்கில்லை. நாள்முத்திரை தெளிவின்றிப் படிந்த உறைகள் பல அவரிடம் சேர்ந்தன. அவற்றின் காலத்தை அறிய அவர் நாடியது அண்ணனையும் பறங்கியரையுமே. இத்துளையளவு இவ்வாண்டுக்கு முன்னர் இல்லை, ஆகவே இவ்வுறை அதற்கு முந்தியதாக இருக்கவியலாது என்று அவர்கள் சொன்னாலன்றி உறை பேசாது. இலக்கணம் கற்றவனே ஏட்டுப் பாடத்தின் காலத்தைத் துணியவல்லான் என்பதுபோல, இனத்தை அறிந்தவரே தனிப்பொருளின் கதையை வாசிக்க உதவுகிறார். மூத்தவரின் அல்பம் இன்றி இளையவரின் தகரப்பேணி ஊமையாகவே இருந்திருக்கும்.

இளையவரின் சேர்க்கை இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று, இங்கிலாந்திலிருந்த பேனா நண்பருடன் செய்த பரிமாற்றம். அதன் வழியே யுத்தகாலக் கடற்படைக் கடித உறைகள் சில அவரை அடைந்தன. கப்பல் நிற்குமிடத்தை எழுதுதல் தடைசெய்யப்பட்டிருந்தமையால் அவற்றில் ஊர்ப்பெயர் இராது. தணிக்கைக் குறியும் பொதுவான கடற்றபால் முத்திரையுமே காணப்படும். திருகோணமலை வரலாற்றில் அதிகமாகக் கடிதம் எழுதப்பட்ட ஆண்டுகள் அவையாகவே இருந்திருத்தல் கூடும். ஆயினும் அக்கடிதங்களில் ஊரின் பெயரில்லை. கப்பலின் பயணத்தையும் தணிக்கை எண்ணையும் ஒப்புநோக்கியே 'இது இங்கிருந்து போனது' என ஊகிக்கவேண்டும். முத்திரையை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் அவ்வூகத்துக்கும் வழி இராது.

மற்றைய வழி மாணவர்கள். 'வீட்டில் எறியும் கடித உறையைக் கொண்டுவாருங்கள்' என்று ஆண்டுதோறும் வகுப்பிற் கேட்பார். தமிழ் வீடுகளிலிருந்தும் முஸ்லிம் வீடுகளிலிருந்தும் சந்தைக் கடைகளிலிருந்தும் உறைகள் வந்தன. புகையிரத நிலையத்தில் வேலைசெய்த சிங்கள அயலவரும் தமக்கு வந்தவற்றைக் கொடுத்தார். மூன்று எழுத்துகளிலும் முகவரிகள் இருந்தன. மீன்பிடிப் பருவத்தில் வந்து தங்கியோருக்குக் 'கடற்கரை வாடி' என்று மாத்திரம் முகவரியிட்ட உறைகளும் உரியவரிடம் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கொடுத்த மாணவனின் பெயரையும் திகதியையும் மெல்லிய பென்சிலால் அவர் குறித்து வைத்தார். நல்நிலையை நாடும் சேகரிப்பாளர் இக்குறிப்பைக் கண்டு முகஞ்சுளிப்பர். பொருளின் விலையை அது குறைத்துவிடும். பின்னர் நேர்ந்தவற்றை நோக்குமிடத்து, அப்பென்சிற் குறிப்பே அச்சேர்க்கையின் உயிரெனத் தோன்றுகிறது.

திருகோணமலையின் காலநிலையும் பழுதற்றதைத் தேடுவோருக்கு உதவுவதன்று. கார்த்திகை, மார்கழி மாரியில் ஈரம் சுவரேறும். பாவிக்கப்படாத முத்திரைகளின் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாளிற் பழுப்புப் புள்ளிகள் பரவும். கறையான் அலுமாரியின் முதுகால் நுழையும். அங்கே ஒரு தாள் அரை நூற்றாண்டு தப்புமாயின், யாரோ ஒருவர் ஆண்டுதோறும் அதை வெயிலில் நிழலுலர்த்தியுள்ளார் என்பதே பொருள். குளிரூட்டிய அறையில் பிளாஸ்திக்குள் உறங்கும் அட்டைக்குத் தரப்புள்ளி இடலாம். இத்தகைய தாளுக்கு எவ்வாறு புள்ளியிடுவது?

1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் துறைமுகத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். மூத்தவர் வேறு வேலை தேடிக்கொண்டார். 1972இல் நாடு குடியரசாகி, முத்திரைகளிலும் 'சிலோன்' மறைந்து 'ஸ்ரீ லங்கா' தோன்றியபோது, 'ஒரு தொகுதி முடிந்தது' என்று கூறி இலங்கைப் பக்கங்களை அவர் நிறைவு செய்தார். 1983இன் வன்செயல்களின்பின் அவர் மகன் குடும்பத்தோடு வெளிநாடு சென்றபோது ஆறு அல்பங்களும் உடன் சென்றன. மூத்தவர் மறைந்தபின் அவை விற்கப்பட்டன. எதிர்பார்த்த பணத்திற் சிறு பங்கே கிடைத்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அதே சதுரங்களை அதே முத்திரைகளால் நிரப்பியிருந்தமையே அதற்குக் காரணம். நிறைவு பெற்றவர் பலராகும்போது நிறைவுக்கு விலையில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது இளையவர் காணி உறுதியையும் பிஸ்கற் தகரப்பேணிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார். "பிள்ளையளுக்கு உடுப்பு எடுக்காமல் ஆற்றையோ கடித உறையைக் கட்டிக்கொண்டு வாறார்" என்று மனைவி ஏசினார். அவ்வேச்சில் உண்மை இருந்தது. பேணி இருந்த இடத்தில் ஒரு மூட்டை அரிசி இருந்திருக்கலாம். சேகரிப்பு என்னும் பற்று வீட்டாரின் பசியோடு போட்டியிடும் தருணங்களில் அதனை எவ்வாறு நியாயப்படுத்துவது என்பதற்கு அவரிடமும் விடையிருந்ததாகத் தெரியவில்லை. முகாமிலும் பின் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் அப்பேணிகள் அவரோடு இருந்தன.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டபின் இந்தியாவுக்குச் சென்றிருந்த சிலர் ஊருக்குத் திரும்பினர். எழுபது வயதைக் கடந்திருந்த இளையவரும் திரும்பி வந்திருந்தார். அவர் அப்போது தொடங்கிய காரியத்துக்குச் சேகரிப்போரின் நூல்களிற் பெயரில்லை. பேணியைத் திறந்து, உறைகளின் பின்புறத்துப் பென்சிற் குறிப்பைப் பார்த்து, கொடுத்தவர்களின் வீட்டாரைத் தேடி, உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கலானார். மலாயா உறைக்குரிய தாயின் பேர்த்தி மண்டபம் முகாமில் வளர்ந்து மீண்டவர். அவர்களுடைய பழைய வீடு அத்திவாரம் மட்டுமாய்க் கிடந்தது; புகைப்படமொன்றும் எஞ்சவில்லை. உறையை வாங்கிய அப்பெண் முத்திரையை நோக்கவில்லை, மூவெழுத்து மேலச்சின் அருமை அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவேண்டிய அவசியமுமில்லை. முகவரியை விரலால் தடவினார். பாட்டியின் பெயர், வீட்டிலக்கம், வீதி, திருகோணமலை என்று நான்கு வரிகள். அவ்வீடு இருந்தது என்பதற்கு அக்குடும்பத்திடம் இருந்த ஒரே தாள் அதுவாயிற்று. அவர் அழுதது அப்பொழுதுதான்.

எல்லா உறைகளும் அவ்வாறு மீளவில்லை. தேடியும் கிடைக்காத குடும்பங்கள் பல. சிலர் 'இதை வைத்து என்ன செய்வது?' என்று திருப்பியும் கொடுத்தனர். இளையவர் மறைந்தபின் எஞ்சியவை அவர் மகளின் பொறுப்பில் வந்தன. அவருடைய வீட்டுக் கூரை பழுதடைந்திருந்த வேளையில் கொழும்பிலிருந்து வணிகர் ஒருவர் வந்து உறைகளுக்கு விலை பேசினார். ஒரு காலத்திற் குப்பையெனப்பட்டவற்றுக்கு அவர் கூறிய விலை, மூத்தவரின் ஆறு அல்பங்களும் பெற்றதைவிட உயர்ந்தது. கடற்படை உறைகளையும் ஊர் உறைகளையும் ஒன்றாகவே அவர் கேட்டார்.

மகள் இரு நாள் அவகாசம் கேட்டார். பின்னர் பேணிகளை இரண்டாகப் பிரித்தார். தந்தை பரிமாற்றத்தாற் பெற்ற கடற்படை உறைகளை விற்றார்; கூரை வேயப்பட்டது. பென்சிற் குறிப்புள்ள ஊர் உறைகளை விற்கவில்லை. "அப்பா மாற்றி வாங்கினது அப்பான்ர. பிள்ளையள் கொண்டுவந்து குடுத்தது அந்தந்த வீட்டுக்காரற்ர. அதை நான் எப்படி விக்கிறது?" என்பதே அவர் கூறிய நியாயம். சேகரிப்பின் வகைகளைப் பற்றி எழுதப்பட்ட நூலெதனையும் அவர் படித்ததில்லை. ஆயினும் அவர் வகுத்த வேறுபாடு நூல்களின் வகைப்பாடுகளினும் கூர்மையானது. தொகுதி, தரம், அருமை, வரலாறு என்னும் அளவைகள் யாவும் பொருளுக்கும் சேர்ப்பவனுக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றியன. பொருளைத் தந்தவரைப் பற்றி அவை பேசுவதில்லை.

அருங்காட்சியகங்களும் சுவடிக்கூடங்களும் பல்கலைக்கழக நூலகங்களும் இவ்வினாவிலிருந்து விலகி நிற்கவியலாது. பேர்டிக்கின் ஏடுகள் கலைக்கூடத்தில் இருப்பதால் எவரும் சென்று பார்க்கலாம், அது பெரும்பேறே. போரினாலும் இடப்பெயர்வினாலும் தாள்களை இழந்த நமது பிரதேசங்களில் எஞ்சியவற்றைத் திரட்டிப் பேணவேண்டிய கடமையும் மறுக்கற்பாலதன்று. ஆயின், திரட்டுவோர் கழுவிச் சுத்தஞ்செய்து சதுரங்களில் ஒட்டுவதோடு அமைவரா, அன்றி யாருடைய கையிலிருந்து எப்போது வந்தது என்ற பென்சிற் குறிப்பையும் உடன் வைப்பரா என்பதைப் பொறுத்தே அத்திரட்டு ஊருக்கு உரியதாவதும் வெறும் அடுக்காவதும் அமையும்.

ஊர் உறைகள் அம்மகளின் அலுமாரியில் இன்னும் உள. ஆண்டுக்கொருமுறை மாரி கழிந்து தை பிறந்ததும் அவற்றை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துகிறார். யாரேனும் வந்து தம் பாட்டனின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தேடிப் பார்த்துக் கொடுக்கிறார். சேர்க்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது.